கணினி வலைகளுக்கிடையே வணிகப் போக்குவரத்து உடன்படிக்கைகள்

கடிதம் ஒன்று ஒரு நாட்டிலே முத்திரை ஒட்டப்பெற்று இன்னொரு நாட்டை அடையும்போது, முத்திரைக்குரிய பணம் அனுப்பிய நாட்டின் திறைசேரிக்கே போய்ச் சேர்கின்றது. அக்கடிதத்தை ஊர்தோறும் சுமந்து சென்று உரியவர் கையிற் சேர்க்கும் நாட்டுக்கு யாது ஊதியம்? 1874ஆம் ஆண்டிலே பேர்ண் நகரிற் கூடி அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அடிகோலிய நாடுகள் இவ்வினாவுக்கு மிக எளியதொரு விடை கண்டன. ஒவ்வொரு கடிதத்துக்கும் பெரும்பாலும் மறுமொழி ஒன்று வரும். ஆதலின் ஒவ்வொரு நாடும் தான் விற்ற முத்திரையின் பணத்தைத் தானே வைத்துக்கொள்வது. வந்து சேர்ந்த கடிதங்களை எண்ணிக் கணக்குத் தீர்ப்பதில்லை என்பதே அவ்விடை.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இவ்வேற்பாடு நிலைத்தது. அனுப்புவது குறைவாகவும் பெறுவது மிகுதியாகவும் இருந்த நாடுகளின் முறைப்பாடு வளர்ந்து, 1969ஆம் ஆண்டுத் தோக்கியோ மகாநாட்டிலே சேர்விடக் கட்டணம் ஒன்று விதிக்கப்பட்டு, 1971 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரு பக்கத்துச் சுமையும் ஏறத்தாழச் சமனாயிருக்கும்வரை எண்ணாமை இனிதே நடக்கும். சமன் குலைந்தவுடன் தராசு வெளியே எடுக்கப்படும். அஞ்சலிலே தோன்றிய இவ்வழக்கு, 1991ஆம் ஆண்டு தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவிலே கணினி வலைகளுக்கிடையில் மீண்டும் தோன்றிற்று. இணையம் என்னும் பெருவலையிலே ஒரு வலை இன்னொரு வலையின் பொருளை எந்த நிபந்தனையின்பேரில் ஏற்றுக்கொள்ளும் என்பது அவ்வழக்கு முடிந்த விதத்தினாலேயே அமைந்தது.

வழக்கின் தோற்றுவாயை அறிவதற்குத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் வலையை முதலில் நோக்குதல் வேண்டும். ஐந்து மீத்திறன் கணினி நிலையங்களையும் கொலராடோ மாநிலத்து வளிமண்டல ஆய்வு நிலையத்தையும் இணைத்து 1986ஆம் ஆண்டில் அம்மன்றம் ஒரு வலை அமைத்தது. வினாடிக்கு 56,000 பிட் கொண்டு செல்லவல்ல அக்கம்பிகள் விரைவிலே நெரிசலுற்றன. 1987ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மிச்சிகன் மாநிலத்துப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பாகிய மெரிட் என்னும் தாபனத்திடம் புதிய வலை ஒப்படைக்கப்பட்டது. ஐ.பி.எம். கொம்பனி கருவிகளையும், எம்.சி.ஐ. என்னும் தொலைபேசிக் கொம்பனி கம்பிகளையும் அளித்து அதற்குத் துணை நின்றன. 1988 யூலையில் 13 இடங்களைத் தொடுத்து வினாடிக்கு 15 இலட்சம் பிட் வேகத்தில் அது இயங்கத் தொடங்கியது.

என்.எஸ்.எவ்.நெற் எனப்பட்ட இவ்வேற்பாடு மூன்று அடுக்குகளை உடையது. நடுவே நாடு முழுவதும் ஓடிய நெடுங்கம்பி முதுகந்தண்டு வலை. அதிலே வந்து பொருந்தியவை வட்டார வலைகள்: நியூயோர்க் மாநிலத்தில் நைசர்நெற், தென்கிழக்கில் சுரநெற், நியூ இங்கிலாந்தில் நியர்நெற், சான் பிரான்சிஸ்கோ குடாவைச் சூழ பார்நெற், தென் கலிபோர்னியாவிற் சேர்ப்நெற் முதலியன. ஒவ்வொரு வட்டார வலையிலும் அவ்வப் பகுதியின் பல்கலைக்கழக வலைகள் இணைந்தன. முதுகந்தண்டின் செலவை மன்றம் ஏற்றது. வட்டார வலைகளுக்கோ தொடக்கத்தில் மட்டும் உதவி அளித்து, பின்னர் தங்கள் காலிலே நிற்கும்படி பணித்தது. கல்லூரிகளின் சந்தாவினால் மட்டும் தங்கள் காலில் நிற்பது எளிதன்று. ஆதலின் அவை கொம்பனிகளை வாடிக்கையாளராகத் தேடின. மன்றமும் அதனை ஊக்கிற்று.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. முதுகந்தண்டு வலை பொதுப் பணத்தினால் நடப்பது. ஆதலின் கல்விக்கும் வெளிப்படையான ஆராய்ச்சிக்கும் துணையாகும் போக்குவரத்தே அதிற் செல்லலாம் என்று பயன்பாட்டு விதி ஒன்று இருந்தது. இலாபம் கருதிய வணிகச் செய்தி அதில் ஏறலாகாது. வட்டார வலையிலே ஒரு கொம்பனி சேரலாம். அதே வட்டாரத்துக் கொம்பனியோடு வணிகம் பேசலாம். ஆனால் நியூயோர்க்கிலுள்ள கொம்பனியின் விலைப்பட்டியல் கலிபோர்னியாவிலுள்ள கொம்பனியை அடைவதற்கு இடையிலுள்ள ஒரே நெடுவழி விதிப்படி அடைபட்டிருந்தது. இது தற்செயலாய் நேர்ந்த குறைபாடன்று. அப்பொழுது மன்றத்தின் வலைப் பிரிவுக்குத் தலைவராயிருந்த ஸ்ரீபன் வுல்வ் போன்றோர், அரசின் வழியை வணிகருக்கு அடைத்துவைத்தால் வணிகர் தங்கள் வழியைத் தாமே வெட்டிக்கொள்வர் என எதிர்பார்த்தனர். 1990 மார்ச்சில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே இதுபற்றி ஒரு கலந்தாய்வு நடந்தது. வணிகருக்கு இடங்கொடுத்தல் வேறு, அரசு தன் கையை முற்றாக எடுத்துக்கொள்ளுதல் வேறு என்னும் பாகுபாடு அங்கே தெளிவாக வகுக்கப்பட்டது. பின்னாளிலே பலரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பியே வாதிட்டனர்.

எதிர்பார்த்தபடியே வணிகர் வழி வெட்டினர். றிக் அடம்ஸ் என்பவர் 1987இல் வேர்ஜீனியாவிலே தொடங்கிய யூயூநெற், 1990இல் அல்ரர்நெற் என்னும் பெயரில் நாடளாவிய வணிக வலையை நடத்தலாயிற்று. நைசர்நெற்றின் முதல்வர்களுள் ஒருவராயிருந்த வில்லியம் ஷ்ரேடர் 1989இல் பி.எஸ்.ஐ. என்னும் கொம்பனியைத் தொடங்கினார். சான் டியேகோவிலே ஜெனரல் அற்றொமிக்ஸ் கொம்பனியின் பாதுகாப்பில் சூசன் எஸ்ராடா நடத்திய சேர்ப்நெற்றும் வணிக வாடிக்கையாளரை நாடிற்று.

இவர்கள் இங்ஙனம் முயன்றுகொண்டிருக்க, முதுகந்தண்டின் உள்ளேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மெரிட், ஐ.பி.எம்., எம்.சி.ஐ. ஆகிய மூன்றும் 1990 செப்ரெம்பரில் ஏ.என்.எஸ். என்னும் இலாபம் கருதாத் தாபனம் ஒன்றை நிறுவின. ஐ.பி.எம்.மிலிருந்து வந்த அலன் வைஸ் அதன் தலைவரானார். வினாடிக்கு 450 இலட்சம் பிட் செல்லும் புதிய நெடுவலையை அத்தாபனமே சொந்தமாகக் கொண்டது. அதுவரை மன்றத்தின் வலை என்றால் மன்றத்துக்காக அமைந்த வலை. இனி, தனியார் வலை ஒன்றில் மன்றம் வாடகைக்கு அமர்ந்தது. அதே கம்பியில் மிகுந்த இடத்தை வணிகருக்கு விற்பதற்கு 1991இல் ஏ.என்.எஸ். கோர் என்னும் இலாபக் கொம்பனி கிளையாகத் தோன்றியது. மன்றம் இதற்கு நிபந்தனையுடன் இசைந்தது. ஆராய்ச்சிப் போக்குவரத்துக்கு இடையூறு நேரலாகாது. வணிகப் போக்குவரத்தின் சராசரிச் செலவாவது வணிகரிடமிருந்து அறவிடப்பட வேண்டும். அதற்கு மேற்பட்ட வருவாய் ஒரு பொது நிதியிலே சேர்ந்து வலையமைப்பை வளர்ப்பதற்குப் பயன்பட வேண்டும் என்பன அவை.

இந்நிபந்தனைகளைச் செயற்படுத்துவதற்கு வட்டார வலைகளின் முன்னே ஏ.என்.எஸ். வைத்த ஒப்பந்தமே பூசலுக்கெல்லாம் மூலம். வட்டார வலை ஒன்று தன் வணிக வாடிக்கையாளரின் செய்தியை நெடுவலையிலே செலுத்த விரும்பினால் ஒப்பந்தத்திலே கைச்சாத்திட வேண்டும். எந்தெந்தக் கிளைவலை கல்விக்குரியது, எது வணிகத்துக்குரியது என வகுத்து, அவற்றுக்கிடையே செல்லும் பொதிகளை மாதிரியாக எடுத்து எண்ணி, வணிகப் பிட்டுகளின் அளவைக் கணித்துக் கட்டணம் தீர்க்கப்படும். ‘கொம்பிட்ஸ்’ என இதற்குப் பெயரிட்டனர்.

சொல்லும்போது நேரியதாகத் தோன்றும் இத்திட்டம் செயலிலே இடறியது ஏன் என்பது சற்று விரித்து நோக்கத்தக்கது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையிலே பொதிகளின் மேற் புலி இலச்சினை பொறித்தனர் என்பது சங்கப் பாட்டினாலே அறியப்படும். அச்சுங்கக்காரன் பொதியை அவிழ்த்தால் உள்ளே மிளகோ துகிலோ காணலாம். கணினிப் பொதியிலே எழுதப்பட்டிருப்பன முக்கியமாகப் புறப்பட்ட முகவரியும் சேருமிட முகவரியுமே. எந்த நோக்கத்தோடு அனுப்பப்பட்டது என்பதற்கு அதிலே இலச்சினை இல்லை. கொம்பனியின் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பேராசிரியருக்குச் சென்ற செய்தி ஆராய்ச்சியா வணிகமா? அதே பேராசிரியர் பணம் பெற்று அக்கொம்பனிக்கு ஆலோசனை கூறினால்? முகவரியைக்கொண்டு இதனைத் துணிய முயல்வது, உறையைப் பார்த்துக் கடிதத்தின் கருத்தை ஊகிப்பதற்கு ஒப்பாகும்.

தொலைபேசிக் கொம்பனிகள் நெடுங்காலமாக ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்த்து வந்தனவே என்று வினவலாம். தொலைபேசியிலே அழைப்பவர் ஒருவர், தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, பேசிய நேரத்தை மணிக்கூடு காட்டும், அழைத்தவரே செலுத்துவர். கணினி வலையிலோ அழைப்பு என ஒன்றில்லை. ஒவ்வொரு பொதியும் தனித்தனியே வழி தேடிச் செல்வது. ஒருவர் நூறு எழுத்துக்களில் ஒரு கோப்பைக் கேட்கிறார். பதிலாக அதனினும் ஆயிரம் மடங்கு பெரிய கோப்பு வருகின்றது. பாரமெல்லாம் அனுப்பியவர் பக்கத்திலிருந்து வருகின்றது, பயனோ கேட்டவருக்கு. இதிலே யார் யாருக்குச் செலுத்துவது? பொதிகளை எண்ணுதல் இயலும். எண்ணிய எண்ணுக்குப் பொருள் கூறுதலே இயலாதது. அன்றியும் கம்பியும் கருவியும் ஒருமுறை அமைந்த பின்னர், வெற்றிடத்திலே மேலும் ஒரு பொதியைச் செலுத்துவதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை என்றே கூறலாம். எண்ணுவதற்கு ஆகும் செலவு எண்ணப்படும் பொருளின் செலவை விஞ்சவும் கூடும்.

எனினும் ஏ.என்.எஸ். திட்டத்தை வெறும் பேராசை எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வணிகரின் பணத்தினால் ஒரு பொது நிதி உண்டாகி வலையமைப்பு வளர்க்கப்படுமாயின், தொலைவிலுள்ள சிறிய கல்லூரிகளும் அதனாற் பயனுற இடமிருந்தது. அத்திட்டத்தை எதிர்த்தவர் எவரும் அந்நோக்கத்துக்கு ஈடான வேறொன்றை முன்வைக்கவில்லை.

எதிர்த்தவர் செய்தது வேறு. பி.எஸ்.ஐ., யூயூநெற், சேர்ப்நெற் ஆகிய மூன்றும் 1991இல் வணிக இணையப் பரிமாற்றம் என்னும் சங்கத்தை அமைத்தன, சி.ஐ.எக்ஸ். என்பது அதன் சுருக்கப்பெயர். கலிபோர்னியா மாநிலத்துச் சான்ரா கிளாராவிலே வழிச்செலுத்தி ஒன்றை வைத்தனர். ஒவ்வோர் உறுப்பினரும் தன் செலவிலே ஒரு கம்பியை அதுவரை கொண்டுவர வேண்டும். பொதுச் செலவுக்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். அதன்பின் எந்த உறுப்பினரின் வாடிக்கையாளரிடமிருந்து வரும் பொதியையும் மற்றெல்லா உறுப்பினரும் ஏற்றுத் தங்கள் வாடிக்கையாளரிடம் சேர்க்க வேண்டும். கல்வியா வணிகமா என்ற கேள்வி இல்லை, எண்ணிக்கை இல்லை, ஒருவருக்கொருவர் செலுத்துவதும் இல்லை. பேர்ண் நகரத்து அஞ்சல் உடன்படிக்கையின் சாயல் இதிலே தெளிவாகத் தெரிகின்றது. ஒவ்வொருவரும் தம் வாடிக்கையாளரிடம் பெற்றதைத் தாமே வைத்துக்கொண்டனர். இவ்வுடன்படிக்கையின் உயிர்நிலை ‘எல்லா உறுப்பினரும்’ என்ற சொல்லிலேயே இருந்தது. சிறியது, பெரியது என்று பாராது, உள்ளே வந்தவர் யாவரோடும் பரிமாறும் கடமை அது.

இரு முறைகளும் எதிரெதிரே நின்றன. ஏ.என்.எஸ். பரிமாற்றச் சங்கத்திற் சேரவில்லை, சங்கத்தார் ஏ.என்.எஸ். ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. இதனால் ஒரு பக்கத்து வணிக வாடிக்கையாளர் மறுபக்கத்து வணிக வாடிக்கையாளரை அடைவது தடைப்பட்டது. நடுவே அகப்பட்டவை வட்டார வலைகளே. அவற்றின் கல்லூரிகள் நெடுவலையின்றி வாழமாட்டா. அவற்றின் கொம்பனிகள் இரு பக்கத்தோடும் பேச விரும்பின. ஏ.என்.எஸ்.ஸோடு கையொப்பமிட்டால் எண்ணப்படுதலையும் கட்டணத்தையும் ஏற்க வேண்டும். சங்கத்திற் சேர்ந்தால் மேலுமொரு கம்பிக்கும் சந்தாவுக்கும் பணம் தேட வேண்டும்.

1991 டிசெம்பரிலே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் யோன் மார்க்கொவ் எழுதிய கட்டுரை, பொது வலை தனியார் ஏகபோகமாகிவிடுமோ என்னும் அச்சத்தை நாடறியச் செய்தது. 1992 மார்ச்சிலே கொங்கிரஸ் சபையின் விஞ்ஞான உபகுழு, றிக் பவுச்சர் தலைமையிலே விசாரணை நடத்தியது. பொதுப் பணத்தினால் வளர்ந்த வாய்ப்பு போட்டியாளர் ஒருவருக்கு மட்டும் கையளிக்கப்பட்டது என்பது ஷ்ரேடர் முதலியோரின் முறைப்பாடு. அவ்வாண்டு ஒக்ரோபரில் நிறைவேறிய சட்டம், வலையின் மொத்த ஆற்றலை வளர்க்குமாயின் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் புறம்பான பயன்பாட்டையும் மன்றத்தின் வலைகள் ஏற்கலாமென இடங்கொடுத்தது. மன்றத்தின் சொந்தக் கண்காணிப்பதிகாரி 1993இல் வெளியிட்ட அறிக்கையோ, வணிகப் பயன்பாட்டுக்கு இசைந்தபோது மன்றம் அதற்குரிய காரணங்களைத் தக்கவாறு எழுத்திற் பதிந்திலது எனக் குறைகூறியது. பெரியதொரு பொதுச்சொத்தின் நிலை மாறிய வேளையிலே கோப்பிற் காரணம் எழுதப்படாமை சிறு பிழையன்று.

சட்டம் வருமுன்னரே வழக்கு நடைமுறையில் முடிந்துவிட்டது. லோட்டஸ் மென்பொருட் கொம்பனியை நிறுவியவரும் பரிமாற்றச் சங்கத்தின் தலைவருமாகிய மிச் கேப்பர் முயற்சியால், 1992 யூனில் இடைக்கால உடன்பாடு ஒன்று ஏற்பட்டு ஏ.என்.எஸ். சங்கத்தின் பரிமாற்றத்தோடு இணைந்தது. கட்டணம் தீர்க்கும் பேச்சு அதிலே இல்லை. கொம்பிட்ஸ் கணக்கு மெல்ல மறைந்தது. சங்கத்தின் வாயிலாக நாட்டின் பல பகுதிக்கும் செல்ல வழி இருக்கையில், அளந்து கொடுக்க உடன்படுவோர் அருகினர்.

மன்றம் அடுத்து எடுத்த நடவடிக்கை பின்விளைவு மிக்கது. 1993இலே விடுத்த அழைப்பின்படி, முதுகந்தண்டை அரசு நடத்துவதை நிறுத்தி, அதற்குப் பதிலாக நான்கு பரிமாற்ற நிலையங்களை ஏற்படுத்தத் தீர்மானித்தது. வாஷிங்டனில் எம்.எவ்.எஸ்., நியூயோர்க்கில் ஸ்பிரின்ற், சிக்காகோவில் அமெரிரெக், சான் பிரான்சிஸ்கோவில் பசிபிக் பெல் ஆகியவை அவற்றை ஏற்றன. நியூயோர்க் நிலையம் எனப் பெயர் பெற்றது நியூ ஜேர்சி மாநிலத்துப் பென்சோக்கன் என்னும் ஊரிலே இருந்தது. ஆராய்ச்சிக்கென்றே தனியான அதிவேக வலை எம்.சி.ஐ.யிடம் ஒப்படைக்கப்பட்டது. வட்டார வலைகள் புதிய வணிக வலைகளோடு தொடுத்துக்கொள்வதற்கு நான்கு ஆண்டுகள் உதவிப் பணம்; ஆண்டுதோறும் குறைந்து இறுதியிலே இல்லையாகும். 1995 ஏப்ரில் 30ஆந் திகதி பழைய முதுகந்தண்டு நிறுத்தப்பட்டது. அப்பொழுது அதனோடு தொடர்புற்றிருந்த வலைகள் 50,000க்கு மேற்பட்டவை.

புதிய நிலையங்கள் மேசையை மட்டுமே அளித்தன; பந்தியிலே யார் யாருக்குப் பரிமாறுவது என்பதை விதிக்கவில்லை. சான்ரா கிளாராவிலே உறுப்பினர் யாவரோடும் பரிமாறும் கடமை இருந்தது. இங்கே ஒவ்வொரு வலையும் மற்ற ஒவ்வொரு வலையோடும் தனித்தனியே, மறைவாக, ஒப்பந்தம் பேச வேண்டும்; பேச மறுக்கவும் உரிமை உண்டு. எண்ணாப் பரிமாற்றம் நிலைத்தது. எல்லாரோடும் பரிமாறும் கடமை நிலைக்கவில்லை. அன்று பலரும் இவ்வேறுபாட்டைப் பெரிதாகக் கருதவில்லை.

சமன் குலைவு விரைவிலேயே தலைகாட்டியது. உறுப்பினர் ஒருவரிடம் இணைப்பு வாங்கி மறுவிற்பனை செய்யும் சிறு வலைகள் தாமும் சந்தா கட்டாவிடின் அவற்றின் பொதிகளைத் தடுக்கப்போவதாக 1994இலே பரிமாற்றச் சங்கமே எச்சரித்தது. நியர்நெற், பார்நெற், சுரநெற் ஆகிய வட்டார வலைகளை 1993க்கும் 1995க்கும் இடையிலே பி.பி.என். என்னும் கொம்பனி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. மெரிட், நைசர்நெற் போன்ற சில கல்வித் தொண்டோடு தனித்து நின்றன. ஏ.என்.எஸ்.ஸின் நெடுவலையை அமெரிக்கா ஒன்லைன் 1995இல் வாங்கியது.

1997இலே யூயூநெற் ஓர் அறிவித்தல் விடுத்தது. தன்னோடு ஒப்பான அளவில்லாத சிறு வலைகளோடு கட்டணமின்றிப் பரிமாறுவதை நிறுத்துவதாகவும், அவை இனித் தன் வாடிக்கையாளராகப் பணம் செலுத்த வேண்டும் எனவும் அதிலே கூறப்பட்டது. ஆறு ஆண்டுகளின் முன்னர் எண்ணாப் பரிமாற்றத்துக்காக நின்ற மூவருள் ஒருவர் இவர். தோக்கியோ மகாநாட்டிலே பாரம் மிகச் சுமந்தவர் முறையிட்டனர். இங்கே வலிமை மிக்கவர் கதவை மூடினர்.

யூயூநெற் 1996 முதலே வேர்ல்ட்கொம் என்னும் தொலைபேசிக் கொம்பனியின் உடைமையாகிவிட்டது. 1998இன் தொடக்கத்தில் அதே கொம்பனி அமெரிக்கா ஒன்லைனிடமிருந்து ஏ.என்.எஸ்.ஸையும் பெற்றது. எண்ண வேண்டுமென்றவரும் எண்ணலாகாதென்றவரும் இவ்வாறு ஒரே முதலாளியின் கீழ் வந்து சேர்ந்தனர். மூவருள் இன்னொருவராகிய பி.எஸ்.ஐ. கடனிலே மூழ்கியிருந்த 2001 யூனிலே, கேபிள் அன்ட் வயர்லெஸ் என்னும் கொம்பனி அதனோடு நேரே பரிமாறுவதை நிறுத்தியது. இரு பக்கத்து வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் அடைய முடியாது சில நாட்கள் திகைத்தனர்.